தம் விழித்திரையைத் தாமே கண்டவர்

நுழையும் முன்

உலகைக் காண்பது கண். ஆனால், காணும் கண்ணின் உட்புறத்தை அக்கண்ணாலேயே காண இயலுமா? தம் முதுமையில் இவ்வினாவை எழுப்பி, நிறக் கண்ணாடிகளையும் ஒரு வெண்திரையையும் கொண்டு விடை தேடினார் தமிழ் அறிவியலாளர் ஒருவர். அவர் பல வெற்றிகளைக் கண்டவர், பிழைபட்டதும் உண்டு. அவ்விரண்டையும் இப்பாடத்தில் அறிவோம்.

வெண்திரையின் முன்

1960களில், பெங்களூரிலுள்ள ஆய்வு நிறுவனம் ஒன்றில், எழுபது வயதைக் கடந்த முதியவர் ஒருவர் நாள்தோறும் ஒரு வெண்திரையின் முன் அமர்ந்திருப்பார். தலையில் தலைப்பாகை, கையில் நிறம் ஏற்றிய ஒரு கண்ணாடித் தகடு. அத்தகட்டைக் கண்ணுக்கு முன் பிடித்துத் திரையை உற்று நோக்குவார். பின்னர்ச் சட்டென்று அதனை விலக்குவார். சில நொடிகள் திரையில் எதையோ கண்டு வியப்பார். வேறொரு நிறத் தகட்டை எடுத்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்குவார்.

அவர்தாம் சர் சி. வி. இராமன். உலகம் போற்றும் நோபல் பரிசைப் பெற்று அப்போது முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. இனி ஓய்வாக இருக்கலாம் என்று எவரும் எண்ணக்கூடிய வயதில், மாணவரைப் போல அவர் ஒரு புதிய துறையில் நுழைந்தார். கண்ணில் விழும் ஒளிக்கு விழித்திரை எவ்வாறு மறுமொழி தருகிறது என்பதே அவருடைய வினா.

பெயர்ந்து சென்ற குடும்பம்

சந்திரசேகர வேங்கட இராமன் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர். தாயார் பார்வதி அம்மாள். 1892-இல் தந்தையாருக்கு விசாகப்பட்டினத்துக் கல்லூரி ஒன்றில் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் பணி கிடைத்தது. குடும்பம் காவிரிக் கரையை விட்டுக் கிழக்குக் கடற்கரையிலிருந்த அந்நகருக்குப் பெயர்ந்தது. பெற்றோரின் பணிக்காக வேற்று மொழி பேசும் ஊருக்குச் செல்வது உங்களுள் பலருக்கும் பழகிய செய்திதான். இராமனின் பள்ளிப் பருவமும் அவ்வாறே தெலுங்கு வழங்கும் நகரில் கழிந்தது.

தந்தையாரின் புத்தக அலமாரியே அச்சிறுவனின் விளையாட்டுத் திடலாயிற்று. பதினொரு வயதிலேயே பள்ளி இறுதித் தேர்வில் அவர் தேறினார். 1903-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, மறு ஆண்டே இளங்கலைத் தேர்வில் முதலிடமும் இயற்பியலுக்கான தங்கப் பதக்கமும் பெற்றார். ஒளி ஒரு சிறு திறப்பின் வழியே செல்லும்போது எவ்வாறு வளைகிறது என்பதைப் பற்றி அவர் எழுதிய முதல் ஆய்வுக் கட்டுரை, 1906-இல் இலண்டன் இதழ் ஒன்றில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

அந்நாளில் அவர் படித்த நூல்களுள் ஒன்று அவர் மனத்தில் ஆழப் பதிந்தது. அது செருமானிய அறிஞர் எல்மோல்ட்சு ஒலியுணர்வைப் பற்றி எழுதிய நூலாகும். நரம்பும் தோலும் எழுப்பும் ஓசை இன்னிசையாவது எவ்வாறு, செவி அதனை உணர்வது எவ்வாறு என்பவற்றை அந்நூல் ஆராய்ந்தது. பின்னாளில் இராமன் வீணை, வயலின், மிருதங்கம் ஆகிய கருவிகளின் ஒலியை ஆராய்வதற்கு அதுவே தூண்டுகோலாயிற்று. எல்மோல்ட்சு கண்ணையும் ஆராய்ந்தவர். உயிருள்ள மனிதரின் விழித்திரையை மருத்துவர் நேரில் பார்ப்பதற்கு உதவும் கருவியை 1851-இல் உலகிற்கு அறிவித்தவர் அவரே. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இராமன் வாழ்வின் இறுதிப் பகுதியில் இது மீண்டும் வரும்.

அலுவலகமும் ஆய்வகமும்

அக்காலத்தில் இந்தியாவில் அறிவியல் ஆய்வையே தொழிலாகக் கொள்வதற்கு வழி அரிதாக இருந்தது. மேற்படிப்பிற்கு இங்கிலாந்து செல்ல எண்ணிய இராமனை, அந்நாட்டுக் குளிரை அவர் உடல் தாங்காது என்று கூறி மருத்துவர் தடுத்துவிட்டார். எனவே, அவர் நிதித்துறைத் தேர்வை எழுதி வென்று, 1907-இல் மனைவி உலோகசுந்தரி அம்மையாருடன் கல்கத்தா சென்றார். அங்கு அவருக்குக் கணக்குத் துறையில் உயர்பதவி கிடைத்தது.

ஒருநாள் டிராம் வண்டியில் செல்லும்போது, பௌபஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது. மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் 1876-இல் நிறுவிய அக்கழகம், ஆய்வு செய்வார் இன்றி அமைதியுற்றுக் கிடந்தது. அதன் கதவு இராமனுக்குத் திறந்தது. பகலில் அலுவலகக் கணக்கு. காலையிலும் மாலையிலும் ஆய்வகம் என்று ஆண்டுகள் ஓடின. இடையே இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றப்பட்டாலும் 1911-இல் அவர் கல்கத்தாவுக்கே திரும்பினார். 1917-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. ஊதியம் பெரிதும் குறையும் என்று அறிந்தும் அவர் அரசுப் பதவியைத் துறந்து அந்த அழைப்பை ஏற்றார்.

கடலின் நீலம்

1921-இல் இராமன் முதன்முறையாக இங்கிலாந்து சென்றார். கப்பலில் திரும்பும்போது, மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரை ஈர்த்தது. வானத்தின் நீலத்தைக் கடல் கண்ணாடிபோல் எதிரொளிக்கிறது என்பது அக்காலத்துப் பெரும் அறிஞர் இராலே பிரபுவின் கருத்து. இராமன் அதனை அப்படியே ஏற்கவில்லை. எதிரொளிக்கும் ஒளியைத் தடுக்கவல்ல சிறு படிகக் கருவி ஒன்றை அவர் உடன் வைத்திருந்தார். அதன் வழியே நோக்கியபோது, வானின் எதிரொளி மறைந்தது. கடலின் நீலமோ மறையவில்லை, முன்னிலும் மிகுந்து தோன்றியது. நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறச் செய்வதும் கடலின் நிறத்திற்குக் காரணம் என்று அவர் உணர்ந்தார். புகழ்பெற்ற ஒருவர் கூறியதைத் தம் கண்ணால் சோதித்துப் பார்த்தார். அவர் கண்டதே சரியாயிற்று.

அன்று தொடங்கிய ஒளிச்சிதறல் ஆய்வு ஏழு ஆண்டுகள் தொடர்ந்தது. அதில் அவருக்குத் துணைநின்றவர்களுள் ஒருவர் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். 1928-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர்கள் கையாண்ட முறை மிக எளியது. கதிரவன் ஒளியைக் குவித்து, ஒரு நிறவடிப்பான் வழியே தூய நீர்மத்தினுள் செலுத்தினர். சிதறி வரும் ஒளியை வேறொரு நிறவடிப்பான் வழியே நோக்கினர். முதல் வடிப்பான் விடும் நிறத்தை இரண்டாவது வடிப்பான் முற்றிலும் தடுக்கும். ஆகவே, நீர்மத்தில் சிதறும் ஒளி நிறம் மாறாதிருந்தால் கண்ணுக்கு இருளே தெரிய வேண்டும். ஆனால், மங்கிய ஒளி ஒன்று தெரிந்தது. ஒளியின் ஒரு சிறு பகுதி மூலக்கூறுகளுடன் ஆற்றலைப் பரிமாறிக்கொண்டு, தன் நிறத்தை மாற்றிக்கொண்டு வருகிறது என்பது இதனால் புலனாயிற்று.

பிப்ரவரி 28-ஆம் நாள் பாதரச விளக்கின் ஒளியைக் கொண்டு இதனை ஐயமற உறுதி செய்தனர். இராமன் விளைவு என்று வழங்கும் இக்கண்டுபிடிப்பிற்கு 1930-இல் நோபல் பரிசு கிடைத்தது. அறிவியலுக்காக அப்பரிசு பெற்ற முதல் ஆசியர் இராமனே. அவ்வெற்றிக்கு அடிப்படையாக இருந்தவை இரண்டு நிறவடிப்பான்களும், இருளில் பழகி மங்கிய ஒளியையும் உணர்ந்த மனிதக் கண்ணும் ஆகும்.

மலர்கள் எழுப்பிய வினா

1933-இல் இராமன் பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். 1948-இல் தம் பெயரால் ஓர் ஆய்வு நிறுவனத்தை நிறுவி, இறுதிவரை அங்கேயே பணியாற்றினார். நிறுவனத்தைச் சுற்றி மரங்களையும் மலர்ச்செடிகளையும் வளர்த்தார். ரோசா மலர்களிடம் அவருக்குத் தனி அன்பு உண்டு.

அம்மலர்களே அவரை அடுத்த ஆய்விற்கு அழைத்துச் சென்றன. மலரின் இதழிலிருந்து வரும் ஒளியை நிறமாலைகாட்டியால் பிரித்துப் பார்த்தார். நம் கண்ணுக்கு ஒரே நிறமாகத் தோன்றும் இதழிலிருந்து பல நிற ஒளிகள் கலந்து வருவதைக் கண்டார். அவ்வாறாயின், பல நிற ஒளிகளை ஒரே நிறமாக உணர்வது எது? வினா மலரை விட்டுக் கண்ணை நோக்கித் திரும்பியது.

கண்ணின் பின்புறத்தை உள்ளே போர்த்தியிருக்கும் மெல்லிய படலம் விழித்திரை. ஒளியை உணரும் செல்கள் அதில் இருவகையாக உள்ளன. மங்கிய ஒளியில் காண உதவுபவை குச்சி செல்கள். அவை ஏறத்தாழ 12 கோடி. நல்ல ஒளியில் நிறத்தையும் நுண்மையையும் காட்டுபவை கூம்பு செல்கள். அவை ஏறத்தாழ 60 இலட்சம். விழித்திரையின் நடுவில் ஒரு சிறு குழிவு உண்டு. அங்குக் கூம்பு செல்கள் மிக நெருக்கமாக அமைந்துள்ளன. நீங்கள் இவ்வரியைப் படிக்கும்போது, ஒவ்வொரு சொல்லின் பிம்பமும் அக்குழிவின்மேல்தான் விழுகிறது.

திரையில் தோன்றிய உருவம்

பிறருடைய விழித்திரையை மருத்துவர் கருவிகொண்டு காணலாம். ஆயினும், அது ஒளியை எவ்வாறு உணர்கிறது என்பதை அக்கண்ணுக்கு உரியவரே அறிவார். ஆகவே, இராமன் தம் கண்ணையே ஆய்வுப் பொருளாகவும் கருவியாகவும் கொண்டார்.

ஒளியூட்டிய வெண்திரையில் ஒரு புள்ளியைக் குறித்துக்கொள்வார். நிறவடிப்பானைக் கண்முன் பிடித்து, அப்புள்ளியை அசையாது சிறிது நேரம் நோக்குவார். அப்போது வடிப்பான் தடுக்கும் நிறங்கள் விழித்திரையில் விழுவதில்லை. அந்நிறங்களைப் பொறுத்தவரை விழித்திரை ஓய்வில் இருக்கும். பின்னர்ப் பார்வை புள்ளியை விட்டு நகராமல் வடிப்பானை மட்டும் விலக்குவார். தடுக்கப்பட்டிருந்த நிறங்கள் அந்தக் கணத்தில் விழித்திரையின்மீது பாயும். ஓய்ந்திருந்த விழித்திரை அவற்றிற்குப் புத்துணர்வோடு மறுமொழி தரும். அம்மறுமொழியே திரையில் ஒரு வண்ண உருவமாகத் தோன்றும்.

அவ்வுருவத்தின் நடுவில் வட்டமான ஒரு தட்டும், அத்தட்டின் மையத்தில் ஒரு சிறு புள்ளியும் தெரியும். அவை தம் விழித்திரையின் நடுக்குழிவையும் அதன் மையத்தையும் காட்டும் உருப்பெருக்கிய காட்சி என்று இராமன் கண்டார். சில நொடிகளில் அது மங்கி மறைந்துவிடும். வடிப்பானின் நிறத்தை மாற்றினால் காட்சியின் நிறமும் அமைப்பும் மாறும். நிறமாலையின் ஒவ்வொரு பகுதியையும் தடுக்கும் பல வடிப்பான்களைக் கொண்டு, ஒவ்வோர் ஒளிக்கும் விழித்திரை தரும் மறுமொழியை அவர் பொறுமையுடன் பதிவு செய்தார். இவற்றையும் பார்வை பற்றிய பிற ஆய்வுகளையும் தொகுத்து 1968-இல் ஒரு நூலாக வெளியிட்டார்.

ஏற்கப்படாத கருத்து

இங்குதான் எல்மோல்ட்சின் பெயர் மீண்டும் வருகிறது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களை உணரும் மூவகை உறுப்புகள் விழித்திரையில் உள்ளன. மற்ற நிறங்கள் யாவும் அம்மூன்றின் கலப்பால் உணரப்படுகின்றன. இக்கொள்கையைத் தாமசு யங் தொடங்கிவைக்க, எல்மோல்ட்சு வளர்த்தார். இளமையில் தம்மை ஆட்கொண்ட ஆசிரியரின் கொள்கையை முதுமையில் இராமன் மறுத்தார். மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் கலந்து உண்டாகும் உணர்வு மட்டும் அன்று. பார்வையில் அதற்குத் தனி இடம் உண்டு என்று அவர் கருதினார். நிறப்பார்வைக்குத் தாமே வேறொரு விளக்கமும் தந்தார்.

கடலின் நீலத்தில் இராலே பிரபுவை மறுத்த அதே துணிவுதான் இது. ஆனால், இம்முறை சான்றுகள் இராமன் பக்கம் நிற்கவில்லை. 1964-இல் அமெரிக்க அறிவியலாளர்கள் தனித்தனிக் கூம்பு செல்களின் ஊடே மெல்லிய ஒளிக்கற்றையைச் செலுத்தி, ஒவ்வொன்றும் எந்நிறத்தை மிகுதியாக உறிஞ்சுகிறது என்று அளந்தனர். கூம்பு செல்கள் மூவகையே என்பது தெளிவாயிற்று. விழித்திரையின் நடுவில் படிந்துள்ள மஞ்சள் நிறமி நீல ஒளியை உறிஞ்சுவதால், அங்கு ஒரு வட்டம் தோன்றக்கூடும் என்பதையும் முன்பே மாக்சுவெல் போன்றோர் ஆராய்ந்திருந்தனர். ஆகவே, இராமன் கண்ட காட்சி உண்மையாயினும், அதற்கு அவர் தந்த விளக்கத்தை அறிவியல் உலகம் ஏற்கவில்லை.

இதனால் இராமனின் பெருமை குறைந்துவிட்டதா? இல்லை. அறிவியலில் ஒரு கருத்து நிற்பதும் வீழ்வதும் அதனைக் கூறியவரின் புகழால் அன்று, சான்றால். இராலே பிரபு பெரியவர் என்பதற்காக இராமன் அவர் கருத்தை ஏற்றுக்கொண்டிருந்தால், இராமன் விளைவிற்கு வழி பிறந்திராது. இராமன் பெரியவர் என்பதற்காக உலகம் அவருடைய பார்வைக் கொள்கையை ஏற்றுக்கொண்டிருந்தால், கண்ணைப் பற்றிய அறிவு தடம் மாறியிருக்கும். இரண்டும் ஒரே நெறியின் இரு விளைவுகள்.

இன்று நாம் காண்பவை

இராமன் எழுப்பிய வினா வீண்போகவில்லை. அது பிற அறிஞர்களின் கைகளில் வளர்ந்துகொண்டே இருக்கிறது. விண்மீன்களைத் தெளிவாகக் காண்பதற்கு வானியலார் உருவாக்கிய வளைந்து கொடுக்கும் ஆடிகளை, கண் ஆய்வாளர்கள் 1990களில் பயன்படுத்தத் தொடங்கினர். கண்ணின் முன்பகுதியால் ஏற்படும் ஒளிக்குலைவை அவ்வாடிகள் திருத்துகின்றன. அதனால், உயிருள்ள மனிதரின் கண்ணில் கூம்பு செல்களைத் தனித்தனியே படமெடுக்க முடிந்தது. 1999-இல் அவற்றின் மூவகைகளும் வரைபடத்தில் பிரித்துக் காட்டப்பட்டன. நிறப்பார்வை சீராக உள்ள இருவரிடையேகூட, அவ்வகைகளின் விகிதம் பெரிதும் வேறுபடுவது தெரியவந்தது.

அண்மைக் காலத்தில் இதனினும் நுண்ணிய காட்சி ஒன்று கிடைத்துள்ளது. கூம்பு செல்லின்மீது ஒளி பட்டவுடன், அதன் வெளிமுனை மிகச் சிறிதளவு சுருங்கிப் பின்னர் நீள்கிறது. அம்மாற்றம் நானோமீட்டர் அளவினது. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. கண்ணைத் தொடாமல், ஒளியலைகளின் குறுக்கீட்டைக் கொண்டே இதனை அளக்கின்றனர். பார்வை மங்குவதற்கு முன்பே விழித்திரை நோயை அறிய இம்முறை உதவும் என்று மருத்துவர்கள் நம்புகின்றனர். தம் ஒரு கண்ணில் சில நொடிகள் மட்டுமே இராமன் கண்ட மறுமொழியை, இன்று எவருடைய கண்ணிலும் செல் செல்லாகப் பதிவு செய்ய வழி பிறந்துள்ளது.

இறுதி நாள்கள்

1954-இல் பாரத ரத்னா விருது பெற்ற இராமன், விருதுகளோடு அமைதி அடையவில்லை. 1970-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தம் நிறுவனத்தில் காந்தியடிகள் நினைவுச் சொற்பொழிவு ஆற்றினார். அன்று அவர் பேசியது செவி ஒலியை உணரும் முறை பற்றி. சிறுவனாகப் படித்த நூலின் பொருளுக்கே எண்பத்தோராம் வயதில் அவர் திரும்பியிருந்தார். அம்மாத இறுதியில் ஆய்வகத்தில் மயங்கி விழுந்தார். நவம்பர் 21-ஆம் நாள் காலமானார். அவர் விரும்பி வளர்த்த தோட்டத்திலேயே அவருடைய உடல் எரியூட்டப்பட்டது. அவ்விடத்தில் இன்று ஒரு மரம் நிற்கிறது. இராமன் விளைவு கண்டறியப்பட்ட பிப்ரவரி 28-ஆம் நாளை நாடு தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறது.

செய்து பார்ப்போம்

நாணய அளவில் வெட்டிய சிவப்புத் தாளை ஒரு வெள்ளைத் தாளின் நடுவில் வையுங்கள். பகல் வெளிச்சத்தில் அதன் மையத்தை முப்பது நொடி அசையாமல் நோக்குங்கள். பின்னர்ச் சிவப்புத் தாளை அகற்றிவிட்டு, அதே இடத்தை நோக்குங்கள். தோன்றும் வட்டம் என்ன நிறம்? அது எவ்வளவு நேரம் நிலைக்கிறது? குறித்துக்கொள்ளுங்கள். கதிரவனையோ எரியும் விளக்கையோ ஒருபோதும் நேராக நோக்காதீர்கள்.

சொற்பொருள்

விழித்திரை – கண்ணின் உட்புறத்தில் ஒளியை உணரும் படலம்
நிறவடிப்பான் – சில நிற ஒளிகளை மட்டும் விட்டு மற்றவற்றைத் தடுக்கும் தகடு
ஒளிச்சிதறல் – ஒளி பொருளின் துகள்களில் பட்டுப் பல திசைகளில் பரவுதல்
நிறமாலை – ஒளி பிரிந்து தோன்றும் நிறங்களின் வரிசை
நிறமி – நிறம் தரும் பொருள்
எதிரொளி – ஒரு பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி
மறுமொழி – இங்கு, தூண்டலுக்கு உடல் உறுப்பு தரும் விளைவு

பயிற்சி

1. இராமனின் குடும்பம் விசாகப்பட்டினத்திற்குப் பெயர்ந்தது ஏன்?
2. கடலின் நீலத்தைப் பற்றிய இராலே பிரபுவின் கருத்தை இராமன் எவ்வாறு சோதித்தார்?
3. 1928-இல் செய்த ஆய்விலும் 1960களில் செய்த ஆய்விலும் இராமன் பயன்படுத்திய பொதுவான கருவிகள் எவை?
4. நிறவடிப்பானை விலக்கியவுடன் திரையில் உருவம் தோன்றுவது எதனால்? உம் சொற்களில் எழுதுக.
5. குச்சி செல், கூம்பு செல் ஆகியவற்றின் பணிகளை வேறுபடுத்துக.
6. பெரியோர் கூறும் கருத்தையும் சான்று கொண்டு சோதிக்க வேண்டும் என்பதற்கு இப்பாடத்திலிருந்து இரண்டு நிகழ்ச்சிகளைக் காட்டி ஒரு பத்தி எழுதுக.
7. பிரித்து எழுதுக: வெண்திரை, நடுக்குழிவு, ஒளியலை, அவ்விடம்.
8. பணியின் பொருட்டு உம் குடும்பம் வாழ்ந்த ஊர்களை நிரல்படுத்தி, ஒவ்வோர் ஊரிலும் நீர் கற்ற ஒன்றைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.